மேலே பொன்னிறம், உள்ளே பச்சை!



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரே அமர்க்களம்! ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் கொழுந்தனார், மோட்டாரில் சுழலும் கம்பியோடு ஒரு கரி கிரில் அடுப்பு கொண்டுவந்திருந்தார். "அண்ணி, இன்னிக்கு நீங்க அடுப்படிப் பக்கமே வரக்கூடாது. எல்லாம் என் பொறுப்பு" என்று உத்தரவு வேறு. எனக்குக் கசக்குமா என்ன?

முழுக் கோழியைக் கம்பியில் கோத்துச் சுழலவிட்டார். அரைமணிக்கெல்லாம் தோல் பொன்னிறமாகச் சிவந்து, வாசனை தெருமுனை வரை போய்விட்டது. குழந்தைகள் தட்டோடு சுற்றி நின்றார்கள். முதல் கால், கொழுந்தனாரின் ஆறு வயது மகளுக்கு. அவள் வாயருகே கொண்டுபோகும்போதுதான் கவனித்தேன். எலும்பை ஒட்டிய சதை வேகாமல் கொழகொழவென்று, ரத்தநீர் கசிந்தபடி இருந்தது. "இரு கண்ணு!" என்று தட்டைப் பிடுங்கிவிட்டேன். குழந்தை ஓவென்று அழ, கொழுந்தனார் முகம் சுருங்கிவிட்டது. "நல்லா செவந்துதானே இருக்கு, அண்ணி?" என்றார்.

என் மாமியார்தான் பட்டென்று சொன்னார்: "தோசை மேலே முறுகி உள்ளே மாவா இருந்தா, வெந்துடுச்சுன்னு ஒத்துக்குவியாடா?"

நான் ஏன் அப்படிப் பதறினேன் என்கிறீர்களா? 2022 மே மாதம் காசர்கோடு பக்கம் ஒரு மாணவி, 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி... இருவருமே ஷவர்மா சாப்பிட்டபின் நோயுற்று இறந்துபோனார்கள். பெற்ற வயிறு மறக்குமா? பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். அவற்றைக் கொல்வது சூடுதான், நிறம் அல்ல.

சுழலும் கம்பியில் ஒரு சௌகரியம் உண்டு. உருகும் கொழுப்பு உடனே கீழே சொட்டிவிடாமல் கோழியின் மேலேயே உருண்டு பூசிக்கொள்ளும். அதனால் சதை வறண்டு போகாது. ஆனால் சூடு வெளியிலிருந்து உள்ளே மெள்ளத்தான் போகும். அதற்குள் அவசரப்பட்டால் வந்தது வினை. கொழுந்தனார் செய்த தவறு என்ன தெரியுமா? பிரீசரில் இருந்த கோழியைக் காலையில்தான் வெளியே எடுத்தார். நடுவில் ஐஸ் விடவே இல்லை!

நீங்களும் செய்வதானால் இவற்றைக் கவனியுங்கள்:

* உறைந்த கோழியை முதல் நாளே பிரிஜ்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, முழுதும் இளக விடுங்கள். மசாலா தடவி ஊறவைப்பதும் பிரிஜ்ஜில்தான்.

* ஒன்றேகால் கிலோவுக்கு மேற்படாத கோழியே நல்லது. அரை கப் கெட்டித் தயிர், ஒரு மேஜைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, இரண்டு டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள், கொஞ்சம் மஞ்சள்தூள், உப்பு, அரைமூடி எலுமிச்சம்பழச் சாறு போதும்.

* இறக்கையையும் கால்களையும் பருத்தி நூலால் இறுகக் கட்டுங்கள். கம்பி நடுமையத்தில் போகட்டும். ஒரு பக்கம் கனத்தால் மோட்டார் திணறும்.

* கரி நீறு பூத்தபின் இரு ஓரமாக ஒதுக்கி, நடுவில் ஒரு தட்டு வையுங்கள். கொழுப்பு கனலில் சொட்டினால் தீ எழும்பி, தோல் கருகிப் புகை படியும். அது உடம்புக்கு ஆகாது.

* வேக ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். தொடையின் தடித்த பாகத்தில், எலும்பில் படாமல், சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 74 டிகிரி செல்சியஸ் காட்டினால்தான் வெந்தது.

* பச்சைக் கோழி வைத்த தட்டு, கத்தி, இடுக்கியை வெந்ததற்குத் தொடாதீர்கள். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள், கோடை வெயிலானால் ஒரு மணிக்குள், பிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள்.

* தொட்டுக்கொள்ளப் பச்சை முட்டை மயோனைஸ் வேண்டாம். 2025 ஏப்ரலில் தமிழக அரசே அதற்கு ஓராண்டுத் தடை விதித்தது. புதினாச் சட்னிக்கு என்ன குறைச்சல்?

* மழை வந்தாலும் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அந்தக் காலை வாணலியில் போட்டு மூடி வேகவைத்தேன். மிச்சக் கோழி இன்னும் முக்கால் மணி சுழன்றது. பசியில் ஆளுக்கொரு முகம். கடைசியில் இலை போட்டு உட்கார்ந்தபோது, அந்தச் சின்னக்குட்டி காலைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "பெரியம்மா, இப்ப சாப்பிடலாமா?"

"சாப்பிடு கண்ணு" என்றேன். மறுநாளே கொழுந்தனார் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவந்து என் கையில் கொடுத்துவிட்டார். கோபம் தீர்ந்ததற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அடுத்த இதழில் சந்திப்போம்.