குரல் கம்மலும் கூலியும்

பஞ்சாலையில் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்கிறவருக்குக் குரல் கம்மினால், பஞ்சுத் தூசி என்று மேஸ்திரி சொல்லிவிடுகிறார். களத்துமேட்டில் நெல் சுணை என்கிறார்கள். சங்கத் தோழருக்குக் கம்மினாலோ, கூட்டத்தில் கத்தியதன் பலன் என்று சிரிக்கிறார்கள். கஷாயம், மிட்டாய், மருந்துக் கடையில் நாலு மாத்திரை என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் அதைத் தூசியென்று யாரும் ஊகத்தில் தீர்த்துவிடக் கூடாது. அது குரல்வளைக் காசநோயாக இருக்கலாம். பெரும்பாலும் நுரையீரலில் உள்ள நோய்தான் சளியோடு மேலேறிக் குரல்வளையைப் பிடிக்கிறது. இருமல், மாலைக் காய்ச்சல், உடம்பு இளைப்பு கூடவே வரலாம். சிலருக்கு எச்சில் விழுங்கினாலே வலி காதுவரை பாயும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் இது எளிதில் தொற்றும்.

மருந்தில்லாத காலத்தில் இது மரண ஓலை. பிராக் நகரத் தொழிலாளர் விபத்து இன்ஷ்யூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்த எழுத்தாளர் காஃப்கா, 1924-ல் இந்த நோயால் உணவு விழுங்க முடியாமல் இறந்தார். இன்று மருந்து இருக்கிறது.

கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. குரல்வளையில் தெரியும் புண்ணும் தடிப்பும் புற்றுநோய் போலவே தோன்றும். ஆகவே கண்ணால் பார்த்த மட்டில் 'கான்சர்' என்று சொன்னால் கதிகலங்க வேண்டாம். சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, குழாய்க் கருவியால் குரல்வளையைப் பார்த்தல், தேவையானால் சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தல், இவ்வளவையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளிச் சோதனையும் காசநோய் மருந்தும் இலவசம். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியானால் ஆறு மாதம் தினமும் மாத்திரை: முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு மூன்று. சானடோரியத்தில் கிடக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே நுரையீரல் காசநோய் குணமாகும் என்பதை, சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சிதான் உலகுக்கு எடுத்துக் காட்டியது.

ஆனால் வீட்டிலிருப்பவர் எதைச் சாப்பிடுவது? இருமல் அடங்கியதும் மாத்திரையைப் பாதியில் விட்டு வேலைக்கு ஓடுகிறவரை அறிவில்லாதவர் என்று டாக்டர்கள் கடிந்துகொள்கிறார்கள். அறிவு இருக்கிறது ஐயா, அரிசி இல்லை! இ.எஸ்.ஐ.யில் இரண்டு வருஷ சர்வீசும் போதிய சந்தாவும் உள்ள மில் தொழிலாளிக்கு, காசநோய்க்கென்று சம்பளத்தில் 80 சதம் நீடித்த நோய்ப்படி உண்டு. பலருக்கு இது தெரியாது. காண்ட்ராக்டில் நிறுத்தி நிறுத்தி வேலைக்கு வைக்கப்படுகிறவருக்கோ அந்த இரண்டு வருஷம் நிறைவதேயில்லை. விவசாயத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. காசநோயாளிக்குச் சத்துணவுக்கென்று மத்திய சர்க்கார் தருவது மாதம் 1,000 ரூபாய். 2024 நவம்பருக்கு முன் அதுவும் 500தான். நாளுக்கு 33 ரூபாய்! முட்டை வாங்குவதா, பிள்ளைகளுக்குச் சோறு போடுவதா?

மருந்து சாப்பிடும் ஆறு மாதமும் விவசாயத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலியைச் சர்க்கார் கொடுக்க வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளியின் சர்வீசைத் துண்டு போடாமல் கணக்கிட வேண்டும். இவை நம் கோரிக்கைகள். இதற்கிடையில் சங்கக் கிளைகள், மூன்று வாரமாகக் குரல் கம்மியிருப்பவரைத் தேடிப் பிடித்து, ஒரு தோழர் துணையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று அவர் தயங்கினால் அதைக் கிளை நிதியிலிருந்து கொடுங்கள்.