விமானி மேல் பழியைப் போட்டால் விசாரணை முடிந்துவிடுமா?

சிறிய விமானமோ ஹெலிகொப்டரோ விழுந்து உயிர்கள் போனால், சிதைவுகளை அள்ளி முடிக்குமுன்பே நம்மவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: “ஓட்டினவர் பிழை விட்டிட்டார்.” பத்திரிகைகள் அதையே “விமானியின் தவறு” என்று எழுதுகின்றன. அத்தோடு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்து எழுந்துபோகிறோம். இந்த நம்பிக்கை பிழையானது. அடுத்த விபத்துக்கு வழி திறந்துவிடுவதும் இதுதான்.

இலங்கையின் கிழக்கில் இருப்பவர்களுக்கு இது தூரத்து விடயம் அல்ல. 2020 டிசம்பரில் கந்தளாயில் விமானப்படையின் பி.டி.-6 பயிற்சி விமானம் விழுந்து, தனியாகப் பறந்த பயிற்சி விமானி இறந்தார். 2023 ஆகஸ்ட் 7 அன்று அதே வகை விமானம் சீனக்குடாவில் விழுந்து இருவர் பலியானார்கள். 2025 மே 9 அன்று, கரடியனாற்றுக்கு மேற்கே காடுகளுக்கு அப்பால் உள்ள மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் பெல்-212 ஹெலிகொப்டர் விழுந்தது. இராணுவ விசேட படையினரின் பயிற்சி நிறைவு நிகழ்வுக்காகப் பறந்த அதில் 12 பேர் இருந்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள். ஒவ்வொரு முறையும் விசாரணைக் குழு அமைத்ததாகச் செய்தி வருகிறது. முழு அறிக்கை மக்கள் கைக்கு வரும் வழக்கம் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஊகமும் பழியும் குடியேறுகின்றன.

ஒரு பேரழிவுக்குக் கடைசியாக அங்கே நின்றவரின் கை மட்டும் காரணமாகாது என்பதைக் கரடியனாற்றுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2010 செப்டெம்பர் 17 அன்று அங்குள்ள பொலிஸ் நிலைய வளாகத்தில், வீதி வேலைக்காகச் சீன நிறுவனமொன்று வைத்திருந்த வெடிமருந்துக் கொள்கலன்கள் வெடித்தன. பொலிஸாரும் சீனர் இருவரும் உட்பட 20-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நேரத்தில் கொள்கலனுக்குப் பக்கத்தில் நின்றவர் என்ன செய்தார் என்பது ஒரு கேள்வி. அவ்வளவு வெடிமருந்தை ஆட்கள் வந்துபோகும் இடத்தில் வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டது யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. முதலாவதுக்குப் பதில் கிடைத்தாலும் இரண்டாவது அப்படியே நிற்கும். விமான விபத்தும் இதே கணக்குத்தான்.

விமானம் எப்படி விழுகிறது என்று பாருங்கள். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் தூக்குவிசை சரிந்துவிடும். விமானிகள் இதை ‘ஸ்டால்’ என்பார்கள். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானம் ஸ்டால் ஆகும் வேகம் சுமார் 40 சதவீதம் கூடிவிடுகிறது. நல்ல உயரத்தில் இது நடந்தால் மூக்கைத் தாழ்த்தி மீண்டுவிடலாம். சில நூறு அடியில் மீள இடமே இல்லை. அவ்வளவு தாழ்வாகப் பறக்கும்படி திட்டம் போட்டது யார்? ஒத்திகைக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்? இயந்திரம் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது? விமானியின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இவற்றைக் கேட்பதே இல்லை.

மேகத்துக்குள் அகப்பட்டவரின் நிலை இன்னும் கொடியது. வெளியே எதுவும் தெரியாதபோது, சாய்ந்துகொண்டே போகும் விமானம் நேராகப் போவதாக உட்காது உணர்த்தும். 1954-இல் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். சராசரியாக 178 வினாடிகளில் 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அத்தனை பேரையும் கவனமில்லாதவர்கள் என்பீர்களா? அது மனித உடம்பின் எல்லை. அந்த எல்லை தெரிந்திருந்தும் போதிய பயிற்சி கொடுக்காமல் அனுப்புவது நிர்வாகத்தின் குற்றம்.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகொப்டர் விழுந்து, இந்திய முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். சதி, இயந்திரக் கோளாறு, அலட்சியம் எதுவும் காரணம் இல்லை, வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் புகுந்து, விமானி நிலையுணர்வை இழந்து மோதியது என்று 2022 ஜனவரியில் விசாரணை சொன்னது. 2024 டிசம்பரில் வெளியான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையிலோ அதே விபத்தின் காரணம் ‘மனிதத் தவறு (விமானக் குழுவினர்)’ என்று சுருங்கிவிட்டது. முதல் விளக்கத்தில் வானிலையும் மேகமும் இருந்தன. இரண்டாவதில் இறந்துபோன விமானிகள் மட்டுமே மிஞ்சினார்கள்.

முறையாக விசாரித்தால் என்ன வெளிவரும் என்பதற்குக் கனடாவின் டிரைடன் விபத்து சான்று. 1989 மார்ச் 10 அன்று, இறக்கையில் பனி படிந்திருக்க விமானத்தைக் கிளப்பினார் விமானி. 24 பேர் இறந்தார்கள். இதைவிடத் தெளிவான விமானித் தவறு உண்டா? விசாரணை ஆணைக்குழுவின் நீதிபதி வேர்ஜில் மொஷான்ஸ்கி அங்கே நிற்கவில்லை. இயந்திரங்களை நிறுத்தினால் மீண்டும் இயக்க உதவும் துணை இயந்திரம் பழுதாகி இருந்தது. அதோடுதான் விமானத்தை அனுப்பியிருந்தார்கள். டிரைடனில் அதற்கு மாற்றுச் சாதனமும் இல்லை. அந்த விமானத்துக்கு இயந்திரம் ஓடும்போது பனி நீக்கக்கூடாது என்பது விதியாக இருந்தது. விமானியை அந்த இக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று தோண்டிய ஆணைக்குழு 191 பரிந்துரைகளை முன்வைத்தது. விமானியின் பெயரோடு கோப்பை மூடியிருந்தால் அவற்றில் ஒன்றுகூட வந்திருக்காது.

அவசரப் பழியின் விலையை நியூசிலாந்து அறியும். 1979 நவம்பர் 28 அன்று அந்நாட்டு விமானம் அந்தாட்டிக்காவின் எரெபஸ் மலையில் மோதி 257 பேர் இறந்தபோது முதல் விசாரணை விமானிகளையே குற்றஞ்சாட்டியது. கணினியில் பறப்புப் பாதையை மாற்றிவிட்டு அதை விமானிகளுக்குச் சொல்லவில்லை என்பதைப் பிறகு நீதிபதி பீற்றர் மஹோன் வெளிக்கொண்டுவந்தார். 40 ஆண்டுகள் கழித்து, 2019-இல்தான் அந்நாட்டுப் பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

“பத்து விபத்தில் ஏழெட்டு மனிதத் தவறுதானே” என்று கேட்பவர்கள் உண்டு. உதிரிப்பாகம் வாங்காமல் தள்ளிப்போட்டவரும், பயிற்சி நேரத்தைக் குறைத்தவரும், வானிலை சரியில்லாதபோதும் போகச் சொன்னவரும் மனிதர்கள் இல்லையா? விமானி தெரிந்தே விதியை மீறினால் அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். மீற விட்டவர்களும் பதில் சொல்ல வேண்டும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவது அல்ல என்கிறது. படை விமானங்கள் அந்த உடன்படிக்கைக்குள் வருவதில்லை. ஆனாலும் அந்த நெறியைத் தானாக முன்வந்து கைக்கொள்ள இலங்கை அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. பயிற்சிப் பறப்பிலும் அணிவகுப்பிலும் மறைக்க வேண்டிய போர் இரகசியம் என்ன இருக்கிறது? கந்தளாய், சீனக்குடா, மாதுறு ஓயா விசாரணை அறிக்கைகளை மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள். இறந்தவர்களின் பெற்றோரும் பிள்ளைகளும் அதை முதலில் வாசிக்கட்டும். அதுவரை, “விமானியின் தவறு” என்று யார் சொன்னாலும், அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்பது நம் ஒவ்வொருவரின் கடமை.