வைத்தியரிடம் மறைக்க வேண்டாம்

சகோதரிகளே, குடியினால் ஈரல் கெடும் என்பது நாம் எல்லோரும் அறிந்த விடயம். அளவுக்கு மிஞ்சிய குடி எமது நிர்ப்பீடனத்தையும் குழப்பிவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

நோய்க்கிருமிகளை எதிர்க்க உடல் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. சிலவேளை அவை வழிதவறி எமது சொந்தக் கலங்களையே எதிரியாகக் கருதும். மதுசாரம் ஈரலில் உடையும்போது அசற்றல்டிகைட்டு என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. அது ஈரலின் புரதங்களில் ஒட்டி அவற்றை மாற்றிவிடுகிறது. மாறிய புரதத்தை அந்நியப் பொருளென எண்ணி, உடல் அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை ஆக்குகிறது. நெடுநாள் குடியினால் ஈரல் பாதிக்கப்பட்ட சிலரிடம் ஏ.என்.ஏ. போன்ற, சொந்தக் கலங்களுக்கு எதிரானவையும் காணப்படுகின்றன.

இங்கேதான் சிக்கல். மதுவைத் தொடாதவருக்கும், அதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு, உடலே தன் ஈரலைத் தாக்கும் நோய் வருவதுண்டு. அந்நோயிலும் இதே பிறபொருளெதிரிகள் தென்படும். அதற்கு நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளை நீண்டகாலம் எடுக்கவேண்டும். குடியினால் வந்த நோய்க்கோ குடியை நிறுத்துவதே முதல் மருந்து. ஆகவே இரத்த அறிக்கை மட்டும் போதாது. அந்நோயைக் கண்டறிய 1999இல் சர்வதேச வைத்தியர் குழுவொன்று திருத்திய புள்ளித்திட்டத்தில், நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறைவாக மதுசாரம் அருந்துபவருக்கு 2 புள்ளிகள் கூடும். 60 கிராமுக்கு மேல் அருந்துபவருக்கு 2 புள்ளிகள் குறையும். அரைப் போத்தல் சாராயம் 60 கிராமைத் தாண்டிவிடும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு சகோதரி, செங்கண்மாரி கண்ட கணவரைப் பற்றி, "பெருநாளைக்கு மட்டும்தான் குடிப்பார்" என்றே கிளினிக்கில் சொல்லிவந்தார். உண்மையில் அது தினசரிக் குடி. "நாலு பேருக்கு முன்னால எப்பிடி மிஸ் சொல்லுறது?" என்று கேட்டார். அவருடைய வெட்கம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த ஒரு பொய்யால் வைத்தியர் தவறான நோயைத் தேடக்கூடும்.

வாயால் சொல்ல முடியாவிட்டால், என்ன குடிக்கிறார், எவ்வளவு, எத்தனை வருடமாக என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். கசிப்பு என்றாலும் எழுதுங்கள். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். வைத்தியரின் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

இன்னொன்று, ஈரல் நோய் வந்த பெண்ணைப் பார்த்து, "இவளும் குடிப்பாளோ?" என்று ஊர்வாய் பேசும். நாமாவது அப்படிப் பேசாதிருப்போம்.