மூன்றரை விழுக்காடும் நம் வீட்டுக் கணக்கும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், நம் இல்லங்கள் சிலவற்றில் ஆண்டுதோறும் ஒரே காட்சியைக் காண்கிறோம். மகள் நல்ல மதிப்பெண் பெற்றிருப்பாள். வாப்பா அரபு நாட்டில் இருப்பார். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க இரண்டொரு நாளே எஞ்சியிருக்கும்போதுதான் சாதிச் சான்றிதழ் வாங்கவேயில்லை என்பது நினைவுக்கு வரும். பள்ளிப் பதிவேட்டைப் பார்த்தால் 'முஸ்லிம்' என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். லெப்பையா, ஷேக்கா, சையதா, தக்னியா என்ற விவரம் இராது. உரிய நேரத்தில் சான்று கிடைக்காமல் அந்தப் பெண் பொதுப்பிரிவில் போட்டியிட நேரும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமற் போகும்.

இந்த இழப்புக்கு யாரைக் குறை கூறுவது? சட்டத்தையா, அரசையா? இதற்கு விடை காண, நாம் கடந்து வந்த பாதையைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சிக் காலத்தில் பிறந்த வகுப்புவாரிப் பிரதிநிதித்துவக் கொள்கையை, 1927இல் அமைச்சராக இருந்த எஸ். முத்தையா முதலியார் செயலுக்குக் கொண்டுவந்தார். அரசுப் பணியிடங்கள் 12 எனில், அவற்றுள் 2 முஸ்லிம்களுக்கு உரியவை என்று அந்த ஆணை வகுத்தது. 1947இல் இந்த முறை திருத்தப்பட்டபோது, 14 இடங்களுக்கு 1 என்று நம் பங்கு சுருங்கிற்று. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில், கல்லூரி இடங்களை மத, சாதி அடிப்படையில் பங்கிடுவது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் பயனாக அதே ஆண்டில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. இட ஒதுக்கீடு பிழைத்தது. ஆனால் அதன் அடித்தளம் மாறிவிட்டது. அன்று முதல் 'எந்த மதம்?' என்பதன்று கேள்வி. 'சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவரா?' என்பதே கேள்வி.

ஒரே ஒரு தீர்ப்பும் ஒரே ஒரு திருத்தமும் நம் சமுதாயத்தின் இடத்தை எப்படி மாற்றியமைத்தன என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்! அதுவரை முஸ்லிம் என்பதால் பங்கு பெற்றோம். அதன் பிறகு, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்ற லெப்பை முதலிய பிரிவினராக, எண்ணிக்கையில் மிகுந்த பல சமூகங்களோடு ஒரே வரிசையில் நின்று போட்டியிட்டோம். அந்த வரிசையில் பலமுறை நாம் பின்னால் தள்ளப்பட்டோம்.

2005இல் அமைக்கப்பட்ட நீதிபதி ராஜேந்திர சச்சார் குழு, 2006 நவம்பரில் அளித்த அறிக்கையில் நாடு தழுவிய நிலையைப் புள்ளிவிவரத்தோடு எடுத்துரைத்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் முஸ்லிம்கள் 3 விழுக்காடு, ஐ.பி.எஸ். அதிகாரிகளில் 4 விழுக்காடு. ஆறு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட முஸ்லிம் சிறார்களில் நால்வரில் ஒருவர் பள்ளிக்கே செல்லாதவர் அல்லது இடையில் நின்றவர்.

இந்தச் சூழலில்தான் 2007இல் தமிழக அரசு, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 எனத் தனி ஒதுக்கீடு வழங்கிச் சட்டம் இயற்றியது. நம்மில் அன்சார், தக்னி, துதேகுலா, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவினர் இதனால் பயன்பெறுகின்றனர். 200 இடங்கள் இருந்தால் 7 இடங்கள் நமக்குரியவை. 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் நாம் 5.86 விழுக்காட்டினர் என்பதை எண்ணும்போது இது குறைவே. எனினும் பல்லாண்டுக் கோரிக்கையின் பலன் என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

இங்கே நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. நம்மோடு தனி ஒதுக்கீடு பெற்ற கிறிஸ்தவச் சகோதரர்கள், தங்களுக்குக் கிடைத்த இடங்களைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். முன்பு பொது வரிசையில் பெற்றதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது என்று கண்டார்கள். தனி ஒதுக்கீடு வேண்டாம் என்று அரசிடம் கூறி, 2008இலேயே பழைய பிரிவுக்குத் திரும்பினார்கள். அவர்கள் முடிவு நமக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆனால், கணக்கு வைத்திருந்தார்கள். அதனால் முடிவெடுக்க முடிந்தது. நம் ஜமாஅத்துகளில் எத்தனை இடங்களில் அத்தகைய கணக்கு இருக்கிறது? கடந்த ஆண்டு நம் மஹல்லாவிலிருந்து எத்தனை பிள்ளைகள் இந்த ஒதுக்கீட்டின் வழியே கல்லூரி புகுந்தார்கள் என்று கேட்டால், நம்மில் யாரால் விடை கூற இயலும்?

"இஸ்லாத்தில் சாதி இல்லையே, நாம் ஏன் லெப்பை என்றும் ஷேக் என்றும் எழுத வேண்டும்?" என்று பெரியவர்கள் சிலர் வருந்திக் கேட்கிறார்கள். அவர்களின் வருத்தம் நேர்மையானது. தொழுகை வரிசையில் நமக்குள் பிரிவில்லை. சம்பந்தம் பேசும்போதும் இருக்கக் கூடாது. ஆனால் சட்டம் நம் ஈமானை அளப்பதில்லை. பின்தங்கிய நிலையை மட்டுமே அளக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்துப் படிவத்தில் அந்தப் பெயரை எழுதுவது, பிள்ளையின் உரிமையைக் காப்பதற்கான பதிவேயன்றி வேறன்று.

சட்டம் தந்ததைச் சட்டமே எடுத்துக்கொள்ளவும் கூடும். கர்நாடகத்தில் முஸ்லிம்களுக்கு இருந்த 4 விழுக்காட்டை நீக்குவதென 2023 மார்ச்சில் அன்றைய அரசு முடிவெடுத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்ற பின்னரே அது நடைமுறைக்கு வராமல் நின்றது. ஓர் ஒதுக்கீடு நீதிமன்றத்தில் நிலைக்க வேண்டுமானால், பின்தங்கிய நிலைக்கு ஆதாரம் வேண்டும். உணர்ச்சிமிக்க மேடைப் பேச்சு ஆதாரமாகாது, எண்களே ஆதாரமாகும்.

ஆகவே பெற்றோர்களே! பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே உட்பிரிவைச் சரியாகப் பதியச் செய்யுங்கள். சாதிச் சான்றிதழைத் தேர்வு முடியும் வரை தள்ளிப்போடாமல் முன்னதாகவே பெற்றுவையுங்கள். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கும் பணிகளுக்கும் தனிச் சான்று தேவை என்பதை மறவாதீர்கள். அதற்கு வருமான வரம்பும் உண்டு. தமிழக அரசுப் பணிகளில் பெண்களுக்கென 1989இல் 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. மகளைப் படிக்க வைக்கும் இல்லத்துக்கு இரண்டு கதவுகள் திறக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! நிக்காஹ் பதிவேட்டுக்கு அருகில் ஒரு கல்விப் பதிவேட்டையும் வையுங்கள். ஜும்ஆவுக்குப் பின் அரை மணி நேரம், படித்த இளைஞர் இருவரை அமர்த்தி, விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பெரும் பொருட்செலவு ஏதுமில்லை.

ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்று நம் மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. உரிமையைக் கோரி வாங்குவது சட்டத்தின் வழி. வாங்கியதைப் பயன்படுத்துவது நம் வீட்டின் கடமை. அடுத்த ஆண்டு எந்த மகளும் ஒரு காகிதம் இல்லாத காரணத்தால் வாசலில் நிற்காதிருக்க, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் விழிப்பைத் தந்தருள்வானாக. ஆமீன்.