நம்ம தனியுரிமை பேரைச் சொல்லி ஆர்.டி.ஐ.யை வெட்டிட்டாங்க



"டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு, இனிமே நம்ம போன் நம்பரை எவனும் விக்க முடியாது"ன்னு பல பேர் சந்தோஷப்படுறாங்க. லோன் வேணுமா, மனை வேணுமான்னு நாளைக்குப் பத்து கால் வாங்கி நொந்துபோன யாருக்கும் அந்த ஆசை நியாயமானதுதான். ஆனா அந்தச் சட்டத்துல எந்தப் பகுதி முதல்ல அமலுக்கு வந்துச்சுன்னு கொஞ்சம் பாருங்க.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல தூங்கியது. 2025 நவம்பர் 14 அன்று விதிகள் வெளியாகின. உங்க சம்மதம் இல்லாம உங்க விவரத்தைப் பயன்படுத்தக் கூடாது, கேட்டா அழிக்கணும், கசிஞ்சா உங்களுக்குச் சொல்லணும்: இந்தக் கடமைகளுக்கு எல்லாம் 18 மாசம் அவகாசம். அதாவது 2027 மே வரைக்கும். ஆனா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்துற 44(3) பிரிவுக்கு ஒரு நாள்கூட அவகாசம் கொடுக்கலை. அன்னிக்கே அமல்.

என்ன திருத்தினாங்க? 2005 ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவு, அதாவது எல்லாரும் 8(1)(ஜெ) என்று சொல்கிற பிரிவு. பழைய வாசகம் இதுதான்: ஒரு தனிநபர் தகவலுக்கும் பொதுப்பணிக்கும் பொதுநலனுக்கும் சம்பந்தமே இல்லைன்னா, அல்லது வெளியிட்டால் ஒருத்தரோட அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிட்டதாகும்னா, மறுக்கலாம். பொதுநலன் பெரிசுன்னா அப்பவும் கொடுக்கணும். கூடவே இன்னொரு வரியும் இருந்தது: நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது. மொத்தத்தையும் தூக்கிட்டாங்க. இப்போ இருப்பது ஒரே வரி. தனிநபர் தகவல்னா மறுக்கலாம். அவ்வளவுதான்.

ஒரு வரிதானேன்னு நினைக்காதீங்க. உங்க தெருவுல ரோடு போட்டாங்க, ஒரே மழையில பேந்து போச்சுன்னு வச்சுக்கோங்க. எந்த ஒப்பந்ததாரர், எவ்வளவுக்கு எடுத்தார், எம்-புக்ல அளவு எழுதிக் கையெழுத்துப் போட்ட பொறியாளர் யார்? கேட்கிறீங்க. "பெயர் தனிநபர் தகவல், தர இயலாது"ன்னு பதில் எழுத இப்போ வழி இருக்கு. தொகுப்பு வீடு யார் யாருக்கு ஒதுக்கினாங்க? தனிநபர் தகவல். நூறு நாள் வேலைக்கு வராமலே கூலி எடுத்தது யார்? தனிநபர் தகவல். போலிச் சான்றிதழ் கொடுத்து வேலையில சேர்ந்ததா சொல்றாங்களே, அந்தச் சான்றிதழ்? அதுவும்தான். ஊழல்னு ஒன்னு நடந்தா அதுக்குப் பின்னாடி ஒரு ஆளோட பேர் இருக்கும். பேரில்லாத ஊழல் எந்த ஊர்ல நடக்குது?

இந்தச் சட்டம் எங்கே பிறந்ததுன்னு தெரிஞ்சா வெட்டு எங்கே விழுந்திருக்குன்னு புரியும். 1990-களில் ராஜஸ்தான் கிராமங்களில் வறட்சி நிவாரண வேலை செய்த ஜனங்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கலை. கணக்கைக் காட்டுன்னு கேட்டா, அரசு ஆவணம் ரகசியம்னு சொன்னாங்க. அருணா ராய் உள்ளிட்டோர் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 முதல் ஊர் நடுவில் மக்களைக் கூட்டி, கையில் கிடைத்த மஸ்டர் ரோலைச் சத்தமாகப் படித்தது. செத்துப் போனவங்க பேருக்குக் கூலி எழுதியிருந்தது. ஊரை விட்டே போனவங்க பேருக்கும் எழுதியிருந்தது. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்து போராடினாங்க. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதுதான் கோஷம். அங்கே படிக்கப்பட்டது என்ன? பேர், அப்பா பேர், வேலை செஞ்ச நாள், வாங்கின கூலி. எல்லாமே இன்னிக்குக் கணக்குப்படி தனிநபர் தகவல்!

(நம்ம தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம். விதிவிலக்குப் பட்டியல் நீளமா இருந்ததால அது பெரிசா பயன்படலைங்கிறதையும் சொல்லணும்.)

"8(2) பிரிவை யாரும் தொடலையே, பொதுநலன் இருந்தா கொடுக்கலாமே"ன்னு ஒன்றிய அரசு தரப்பில் சொல்றாங்க. உண்மைதான், 8(2) இருக்கு. ஆனா அது என்ன சொல்லுது? பாதிப்பைவிடப் பொதுநலன் அதிகம்னா அலுவலகம் கொடுக்'கலாம்'. முன்னாடி, பொதுப்பணி சம்பந்தப்பட்ட தகவல் அந்த விலக்குக்குள்ளேயே வராது. இப்போ முதல்ல கதவு சாத்தியிருக்கும், அதைத் திறக்க வேண்டிய நியாயத்தை நீங்கதான் நிரூபிக்கணும். முன்னாடி மட்டும் எல்லாம் ஒழுங்கா கிடைச்சுதுன்னு நாங்க சொல்லலை. 2012-ல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கின் தீர்ப்பைக் காட்டியே ஏகப்பட்ட மனுக்களைத் தட்டிக் கழிச்சாங்க. அப்பவாவது வாதாடச் சட்டத்துல வார்த்தை இருந்தது.

இன்னொன்னு. தனியுரிமை மேல இவ்வளவு அக்கறை காட்டுற இதே ஒன்றிய அரசு, 2015-ல் ஆதார் வழக்கில் தனியுரிமை அடிப்படை உரிமையே கிடையாதுன்னு உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அடிப்படை உரிமைதான்னு தீர்ப்புச் சொன்னாங்க. அதுக்கு அப்புறம் வந்த சட்டம் இது. இதோட 17(2) பிரிவைப் படிங்க: இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்குன்னு காரணம் சொல்லி, எந்த அரசு அமைப்புக்கும் இந்தச் சட்டத்திலிருந்தே ஒன்றிய அரசு விலக்கு கொடுக்கலாம். ரேஷன் கடையில ரேகை விழாத விரலைத் துடைச்சுத் துடைச்சு வைக்கிற பாட்டியோட விவரம் அரசுகிட்ட இருக்கும். அந்தக் கடைக்கு வந்த அரிசி யார் கையெழுத்துல எங்க போச்சுன்னு பாட்டி கேட்டா மட்டும் அந்தரங்கமா?

பத்திரிகையாளர்களுக்கு 2018, 2019 வரைவுகளில் இருந்த விலக்கையும் எடுத்துட்டாங்க. மீறினா அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம்னு இருக்கும்போது, சின்னப் பத்திரிகை எது துணிஞ்சு ஒரு அதிகாரி பேரைப் போடும்?

44(3) பிரிவை நீக்கணும், பழைய வாசகம் அப்படியே திரும்ப வரணும். அதுதான் நம்ம கோரிக்கை. அது வரைக்கும் மனு போடுறதை நிறுத்திடாதீங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்க. எழுதும்போது மூணு விஷயம் சேர்த்துக்கோங்க. பயனாளிகள் விவரத்தையும் அலுவலர்களின் மாதச் சம்பளத்தையும் அலுவலகமே வெளியிடணும்னு சொல்ற 4(1)(b) பிரிவை மேற்கோள் காட்டுங்க. இதில் பொதுநலன் என்னன்னு 8(2) பேரைச் சொல்லி ரெண்டு வரி எழுதுங்க. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், போன் நம்பரை மறைச்சுட்டு 10-ஆவது பிரிவின்படி மீதியைத் தாங்கன்னு கேளுங்க. யாரோட அந்தரங்கமும் நமக்கு வேண்டாம்.

30 நாளில் பதில் வரணும். மறுத்தா, அடுத்த 30 நாளுக்குள்ள 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு. மறுப்புக் கடிதத்தோட நகலைப் பக்கத்துக் கிளைத் தோழர்கள்கிட்ட கொடுங்க, மேல்முறையீடு எழுத உட்கார்ந்து உதவி செய்வாங்க.

#தகவல்_அறியும்_உரிமை