லாரியின் முகமும் சாரதியின் நலமும்

பண்டங்களை விளையுமிடத்திலிருந்து வேண்டுமிடத்திற்குக் கொண்டு செலுத்தும் தொழிலே வாணிகத்தின் உயிர்நாடி என்பதைத் தூத்துக்குடியில் வாழ்வார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உப்பளத்து உப்பும் துறைமுகத்துக் கண்டெய்னர்களும் இரவு பகலாக லாரிகளில் ஏறிச் செல்லுதலை நாடோறும் காண்கின்றோம். அவ்வண்டிகளின் வடிவத்தைப் பற்றி உலகில் நெடுங்காலமாக ஒரு வழக்கு நிகழ்ந்து வருகிறது. எஞ்சினை முன்னே நீட்டிப் பானெட்டினால் மூடி, அதன் பின்னே சாரதியை அமர்த்துவது அமெரிக்க மரபு. எஞ்சின்மீதே கேபினை ஏற்றி முகத்தைத் தட்டையாக்குவது ஐரோப்பிய முறை. இவ்விரண்டனுள் நமக்கு ஏற்றது யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

நீண்ட மூக்கே கம்பீரமென்பர் சிலர். தட்டை முகமே நவீனமென்பர் வேறு சிலர். இரண்டும் கண்ணுக்குரிய நியாயங்களேயன்றிக் கருத்துக்குரியன அல்ல. 1928இல் பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் செவர்லே வண்டிகளைப் பூட்டத் தொடங்கினர்; அக்காலத்து லாரிகள் மூக்கு நீண்டவை. 1954இல் ஜெர்மானியரது டெய்ம்லர்-பென்ஸ் உதவியுடன் டாட்டா கம்பெனியார் ஜாம்ஷெட்பூரில் செய்த லாரியும், ஐரோப்பியக் குலத்ததாயினும், மூக்கு நீண்டதே. ஆகவே வடிவம் குலத்தால் வந்ததன்று. சாலையாலும் சட்டத்தாலும் வந்தது.

ஐரோப்பாவில் இழுவண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 16.5 மீட்டருக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. மூக்கு நீளுமளவு சரக்குக்குரிய இடம் குறையுமன்றோ? அதனால் மூக்கை ஒழித்தனர். அமெரிக்காவிலும் மாகாணங்கள் மொத்த நீளத்தை வரையறுத்திருந்த நாளில் தட்டை முகங்கள் மிகுந்திருந்தன. 1982ஆம் ஆண்டுச் சட்டம் பெருஞ்சாலைகளில் அத்தடையை நீக்கவே, மூக்கு மீண்டும் நீண்டது.

வழியறிந்து வண்டியமைத்தல் நம் முன்னோர்க்கும் புதிதன்று. நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டிற்குக் கொண்டு சென்ற உமணர், மேடு பள்ளங்களில் அச்சு முறியுமென அஞ்சி, வண்டியின் கீழே சேம அச்சொன்றைக் கட்டிச் சென்ற செய்தி புறநானூற்றால் அறியப்படுகிறது. இக்கால உமணர்க்கு மதுரைக்கும் நெல்லைக்கும் அகன்ற சாலைகள் உள. ஆயினும் சரக்கேற்றுமிடம் உப்பளத்துக் குறுகிய கரை. இறக்குமிடம் நெருக்கமான கிட்டங்கித் தெரு. அங்கே சிறு வட்டத்தில் திரும்பவும், முன்னே நடக்கும் சிறுவனை நீண்ட மூக்கு மறையாமற் காணவும் தட்டை முகமே பெரிதும் உதவுவது. 2005இல் வெளிவந்த டாட்டா ஏஸ் என்னும் சிறுவண்டி, ‘குட்டியானை’ என்று பெயர் பெற்றுச் சந்துதோறும் புகுந்ததும் அவ்வடிவத்தாலன்றோ? ஆகவே வடிவத்தைப் பொறுத்தமட்டில் ஐரோப்பிய முறையே நமக்கு இசைந்தது என்பது எம் துணிபு.

ஆயின் வழக்கு இத்துடன் முடிந்ததன்று. அமெரிக்க மரபில் எஞ்சினின் வெப்பமும் ஓசையும் சாரதிக்கு முன்னே நிற்கும். மோதல் நேரின் முதலடியை மூக்கு ஏற்கும். தட்டை முகத்திலோ எஞ்சினின் கொதிப்பு இருக்கையை அடுத்தே எழும். அடியும் அவன் முழங்காலுக்கு அணித்தே விழும். இதனை உணர்ந்தே ஐரோப்பியர் கேபினின் உறுதியைச் சோதித்தறிய விதி வகுத்தனர். 2015இல் நீள விதியைத் திருத்தி, காப்பின் பொருட்டு முகம் சிறிது நீளவும் இடமளித்தனர். நம் நாட்டிலோ எஞ்சினும் முன்தகடும் மட்டுமுள்ள சேஸிஸை வாங்கி, நாமக்கல், திருச்செங்கோடு முதலிய ஊர்களில் மரத்தாலும் தகட்டாலும் கேபின் கட்டுவித்தலே நெடுநாள் வழக்கமாயிருந்தது. அவ்வூர்த் தச்சரின் கைத்திறம் போற்றத்தக்கதே. ஆனால் அதன் உறுதியை அளந்து பார்த்தார் அரியர். முகத்தைக் கடன் கொண்டோம். முகத்தோடு வரவேண்டிய காப்பைக் கொண்டோமில்லை. மிஞ்சிய இடம் சரக்குக்குச் சென்றது. மிஞ்சிய வெப்பம் சாரதிக்கு வந்தது.

2025ஆம் ஆண்டு தொடங்கிச் செய்யப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபின்களுக்குக் குளிர்சாதனம் வேண்டுமென அரசாங்கத்தார் விதித்தது நன்று. ஆயினும் அதற்கு முற்பட்ட வண்டிகள் இன்னும் பல்லாண்டு ஓடுமன்றோ? அவற்றிற்கு எஞ்சின் மூடியின்மேல் வெப்பந் தடுக்கும் உறையிடுதலும், கேபினைப் புதுப்பிக்குங்கால் எஃகுச் சட்டம் அமைத்தலும், சரக்கேற்றுமிடங்களில் நிழலும் குடிநீரும் குளிக்க அறையும் அளித்தலும் அரியன அல்ல.

“செலவு மிகும், வாடகை கட்டாது” என்பர் உரிமையாளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஆதலின் அச்செலவை அவர் தலைமேல் மட்டும் ஏற்றாது, சரக்குக்குரிய வணிகரும் வாடகையில் பங்கேற்றல் வேண்டும். உமணரின் சேம அச்சும் கூலி ஈட்டாத சுமையே. எனினும் அதனை வீணென்று அவர் கழற்றி எறிந்திலர். சாரதியின் நலமே இக்காலத்துச் சேம அச்சு. போரடிக்கும் மாட்டிற்கும் இரக்கங் காட்டப் பணித்தது மோசேயின் நியாயப்பிரமாணம். மாட்டினும் மனிதன் தாழ்ந்தவனோ?

இக்கடலில் 1961க்குப்பின் முத்துக்குளிப்பு நிகழவில்லை. முத்தின் ஒளியைப் பாடினோர் பலர். மூழ்கினவன் மூச்சை எண்ணினோர் சிலர். அக்குறை சாலையிலும் தொடராதிருப்பதாக. கல்வி முடித்து வாணிகத்திலும் துறைமுகத்திலும் பணியேற்கப்போகும் மாணவ நண்பர்காள்! வண்டியின் முகத்தை நோக்குமுன் அதனுள் இருப்பவன் முகத்தை நோக்குமின்.