படகு மோட்டாருக்குச் சுருதி

கச்சேரி ஆரம்பமாகும் முன் வித்வான் தம்புராவின் பிருடையைத் திருகிக்கொண்டே இருந்தால், சபையில் சிலர் கடிகாரத்தைப் பார்ப்பதுண்டு. ஆனால் சுருதி சேராத பாட்டை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? படகின் பின்புறத்தில் மாட்டும் பழைய மோட்டாரின் விஷயமும் இதுவேதான் என்று நாம் சொன்னால் நேயர்கள் நகைக்கக் கூடாது.

இவ்வகை மோட்டாரைப் பிரபலப்படுத்தியவர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட். மில்வாக்கி நகரில் 1909-ம் வருஷம் அவர் விற்பனையைத் தொடங்கினார். அவர் பெயரைத் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020-ல் நின்றுவிட்டது. ஆயினும் 1950-களில் செய்த மோட்டார்கள் அந்நாட்டு ஏரிகளில் இன்னமும் ஓடுகின்றன. செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்ட பிறகு, வைத்திருப்பவர் சுயராஜ்யம் நடத்த வேண்டியதுதானே!

அந்தச் சுயராஜ்யத்தின் முதல் இலாகா கார்புரேட்டர். பெட்ரோலைத் தூவானமாக்கிக் காற்றுடன் கலப்பது அதன் தொழில். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். அக்காலத்து எவின்ரூட், ஜான்சன் மோட்டார்கள் பலவற்றில் இதற்கென இரண்டு ஊசித் திருகுகள் உண்டு. ஒன்று முழு வேகத்துக்கு, மற்றொன்று மெதுவோட்டத்துக்கு. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். வெளியே திருகினால் கூடும்.

திருகில் கை வைக்குமுன் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். சென்ற பருவத்தில் தங்கிய பெட்ரோல் பிசினாகி நுண்துவாரங்களை அடைத்திருக்கும். அடைப்பு திருகினால் தீராது. பிறகு இரண்டு ஊசிகளையும் மெல்ல உள்ளே திருகி, தொட்டவுடன் நிறுத்த வேண்டும். பலம் காட்டினால் ஊசியும் அதன் இருக்கையும் கெடும். அங்கிருந்து ஒவ்வொன்றையும் சுமார் ஒரு சுற்று வெளியே திருகினால் யந்திரம் கிளம்பப் போதும்.

நீரில்லாமல் மோட்டாரை ஓட்டலாகாது. அதைக் குளிர்விப்பது அந்நீரே. படகை ஏரியில் விட்டு, ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர் திருகைக் கவனிப்பது உத்தமம். யந்திரம் சூடேறியதும் முழு வேகத்தில் முதல் ஊசியைச் சிறிது சிறிதாக உள்ளே திருகுக. ஒவ்வொரு முறையும் பத்து விநாடி பொறுத்திருக்க வேண்டும். திருகின் பேச்சு யந்திரத்தின் காதில் விழ அவ்வளவு நேரமாகும். வேகம் தளர்ந்து தும்மத் தொடங்கினால், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். உடனே வெளியே திருகி, ஓட்டம் சீரானபின் இன்னும் ஒரு இம்மி கூட்டி நிறுத்துக. பிறகு வேகத்தைத் தணித்து, மெதுவோட்ட ஊசிக்கும் இவ்வாறே செய்க.

அந்த ஓர் இம்மியில்தான் யந்திரத்தின் உயிர் இருக்கிறது. பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே போகையில், தும்முவதற்குச் சற்று முன்பு யந்திரம் வெகு கணீரென்று பாடும். அனுபவமற்றவர் அதில் மயங்கி அங்கேயே நிறுத்திவிடுவார். ஆனால் இந்த மோட்டார்களுக்கு எண்ணெய், பெட்ரோலில் கலந்தே செல்கிறது. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், உஷ்ணம் ஏறும், பிஸ்டன் உருளையோடு பற்றிக்கொண்டு நின்றுவிடும். பெட்ரோல் மிகுந்தாலோ புகையும், கரி பிடித்த பிளக்கும்தான் நஷ்டம். பிளக்கைத் துடைத்துக்கொள்ளலாம், உருகிய பிஸ்டனைத் துடைக்க முடியுமா?

கரைக்கு ஒரு மைல் தூரத்தில் இந்தப் பாடம் கற்பது நல்லதல்ல. சுருதி சேர்ந்துவிட்டதென்று எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினாலும், படகில் ஒரு ஜோடி துடுப்பு இருக்கட்டும். தன் கையே தனக்கு உதவி என்று நம் பெரியவர்கள் சொன்னது, மோட்டார் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே அல்லவா!